அடுத்த வரிக்கு அவசரம் இல்லை

என் அக்கா புருஷனை ஆஸ்பத்திரியில் எல்லோரும் எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிற மெஷின்களைப் பழுது பார்ப்பது அவர் வேலை. மெஷின் நின்றுவிட்டது என்று போன் வந்தால், எந்த மெஷின் என்று எதிரில் இருப்பவர் சொல்லி முடிப்பதற்குள் இவர் மாடிப்படியில் பாதி ஏறியிருப்பார். பல நேரம் அது தப்பான மாடியாக இருக்கும். அதனால் என்ன, அதே வேகத்தில் இறங்கி வந்துவிடுவார்.

லிஃப்ட் பொத்தானை விடாமல் அழுத்துவார். தேநீரை ஆறவிடாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு தேநீர் மேல் கோபப்படுவார். அவரோடு சாலையைக் கடப்பது என்றால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். சினிமாவுக்குப் போனால் படம் முடிவதற்குள் எழுந்துவிடுவார், வெளியே கூட்டம் சேர்ந்துவிடுமாம். அவரோடு போய்ப் பார்த்த ஒரு படத்துக்கும் எனக்கு முடிவு தெரியாது. இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். யார் வாயைத் திறந்தாலும் மீதியை இவரே சொல்லிவிடுவார் பாருங்கள், அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் ஒண்டிக்கட்டை. பள்ளிக்கூட ஆபீசில் வேலை. அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். அதனால் இந்த மனுஷனைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பாக்கியம் எனக்கு நிறையவே கிடைத்தது. இனி சொல்லப்போவது அவரைப் பற்றித்தான் என்றாலும் அக்காவைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

அக்காவுக்குத் திக்குவாய். அவளுக்கு வராத பேச்சையும் சேர்த்துக் கடவுள் எனக்கே கொடுத்துவிட்டார் என்று அம்மா சொல்வாள். அக்காவுக்கு முதல் எழுத்துதான் மேடு. அதில் ஏறிவிட்டால் மீதி சரசரவென்று வந்துவிடும். ஏறுகிற வரைக்கும் உதடு துடிக்கும், கண் ஓரிடத்தில் நிலைகுத்தி நிற்கும், எதிரில் இருப்பவர்கள் சங்கடப்பட்டுச் சுவரைப் பார்ப்பார்கள். என்னிடம் பேசும்போது மட்டும் அவ்வளவாகத் திக்காது. போன் என்றால் பேயைக் கண்ட மாதிரி பயப்படுவாள்.

அவர்கள் சந்தித்ததும் ஆஸ்பத்திரியில்தான். ரத்தம் கொடுக்கப் போன அக்கா, கவுன்ட்டரில் பேர் கேட்டபோது மாட்டிக்கொண்டாள். பின்னால் வரிசை நின்றது. யாரோ முணுமுணுத்தார்கள். கவுன்ட்டருக்குள் பிரின்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓர் இளைஞர் எட்டி, அவள் கையிலிருந்த சீட்டைப் பார்த்துப் பேரைச் சத்தமாகச் சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். உதவி செய்ததாகக்கூட அவருக்குத் தெரிந்திருக்காது, வரிசை நகரட்டும் என்று செய்திருப்பார். ஆனால் அக்கா வீட்டுக்கு வந்து அதை என்னிடம் மூன்று முறை சொன்னாள்.

கல்யாணத்துக்கு அப்புறம் அவளுக்கு மேட்டில் ஏற வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. அவள் உதடு பிரிந்தால் போதும், அத்தான் முடித்துவிடுவார். கடையில், பஸ்ஸில், விருந்தாளிகள் முன்னால், டாக்டர் முன்னால், எல்லா இடத்திலும் அப்படித்தான். இவளுக்கென்றே செய்து வைத்த மாப்பிள்ளை என்று எங்கள் வீட்டில் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அது அன்புதான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. பத்துக்கு ஏழு தடவை சரியாகவும் சொல்லிவிடுவார். மீதி மூன்று தடவை அக்கா தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பதைவிட அது சுலபம்.

அக்காவுக்குப் பின்னல் என்றால் உயிர். ஊசியும் கம்பளி நூலும் கையில் இருந்தால் அவள் முகமே வேறு. மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து பழைய பின்னல் மெஷின் ஒன்று வாங்கினாள். ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். பல் மாதிரி வரிசையாக ஊசிகள், அவற்றின் மேலே ஒரு கைப்பிடி. இடமிருந்து வலம் ஒரு தள்ளு தள்ளினால் ஒரு வரி, வலமிருந்து இடம் இழுத்தால் அடுத்த வரி. எந்த ஊசி எழும்ப வேண்டும், எந்த ஊசி படுத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வரிக்கும் சொல்லத் தெரிந்தால் பூ, பறவை, கட்டம் எது வேண்டுமானாலும் ஸ்வெட்டரில் விழும். அதைச் சொல்கிற மூளைதான் அந்த மெஷினில் செத்துப் போயிருந்தது.

அத்தான் மூடியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளங்கை அளவில், குட்டிக் கம்ப்யூட்டர் மாதிரி ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வாங்கி வந்தார். செத்துப்போன மூளை இருந்த இடத்தில் அதை உட்கார வைத்து ஊசிகளை எழுப்புகிற காந்தங்களோடு இணைத்தார். ஒரு கேபிளை அதிலிருந்து இழுத்துப் பழைய லேப்டாப்பில் செருகினார். படம் லேப்டாப்பில் இருக்கும். அத்தான் எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி புரோகிராம், அந்தப் படத்தை வரி வரியாகப் பிரித்து, ஒவ்வொரு வரியாகக் கேபிளில் அனுப்பும். போர்டு அதைக் கேட்டு ஊசிகளை எழுப்பும், அக்கா கைப்பிடியைத் தள்ளுவாள். கேட்கும்போது எனக்கே புரிந்தது என்றால் எவ்வளவு எளிமை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எளிமைதான், ஆனால் ஆரம்பித்த அன்றே மக்கர் செய்தது. எந்தப் படத்தைக் கொடுத்தாலும் அடியில் வர வேண்டிய முதல் சில வரிகள் வரவே வராது. பறவைக்குக் கால் இருக்காது, பூவுக்குக் காம்பு இருக்காது. அத்தான் முதலில் ஊசிகளைச் சந்தேகப்பட்டார், பிறகு கேபிளை, பிறகு என்னை. நான் மாடியில் மிக்ஸி ஓட்டுவதால் கரண்ட் கெட்டுப்போகிறதாம். அந்த வாரம் பூராவும் நான் மிக்ஸியைத் தொடவில்லை. பறவைக்குக் கால் முளைக்கவும் இல்லை.

கடைசியில் பார்த்தால் விஷயம் இதுதான். ஸ்கிரிப்ட் கேபிள் வழியாகத் தொடர்பைத் திறந்த மாத்திரத்தில் அந்த போர்டு ஒருமுறை அணைந்து மறுபடி எழுந்திருக்கும். அது அதன் சுபாவம். தூங்கி எழுந்த மனுஷன் மாதிரி கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். இவரோ திறந்த கையோடு வரிகளைக் கொட்டிக்கொண்டிருந்தார். கேட்க ஆள் எழுந்திருக்கவே இல்லை, சொன்னதெல்லாம் காற்றோடு போனது. போர்டு எழுந்ததும் அதுவே குரல் கொடுக்கும்படி செய்து, அதைக் கேட்டபிறகு அனுப்புவதுதான் முறை என்று அவருக்கும் தெரியும். ஆனால் அதற்கு இன்னும் கொஞ்சம் எழுத வேண்டும். இவர் இரண்டு விநாடி சும்மா இரு என்று ஒரே வரியில் எழுதிவிட்டு எழுந்துவிட்டார். பறவைக்குக் கால் வந்தது. அத்தானைப் பொறுத்தவரைக்கும் காத்திருப்பது என்றால் அதுதான், இரண்டு எண்ணுவது, அப்புறம் கிளம்பிவிடுவது.

அடுத்தது வரிக்கும் வரிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவது என்கிற கேள்வி. கைப்பிடி நடுவழியில் இருக்கும்போது அடுத்த வரி வந்துவிட்டால் பாதி இந்த வரி, பாதி அந்த வரி என்று படம் கிழிந்துவிடும். குழந்தைத் தொப்பிக்கான ஒரு சின்னத் துண்டை ஓட்டச் சொல்லி, கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றார். அகலம் குறைந்த துண்டு, புது மெஷின், பக்கத்தில் புருஷன். அக்கா கடகடவென்று ஓட்டினாள். அதையே இடைவெளியாக வைத்தார். அடுத்த வரி போகிறது என்று தெரிய ஒரு பீப் சத்தமும் சேர்த்தார். போதுமா என்று கேட்டார். நான் காபியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன், அதனால் இது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அக்கா, “கொ… கொஞ்சம்…” என்று ஆரம்பித்தாள்.

“கொஞ்சம் வேகத்தைக் கூட்டணுமா? பார்த்தியா, நான் நெனச்சேன். உன் கை வேகத்துக்கு இது பத்தாது” என்று சொல்லி இடைவெளியை இன்னும் குறைத்துவிட்டார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. அக்கா என்னைப் பார்த்தாள், பிறகு மெஷினைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

கடைவீதியில் குழந்தைகள் துணிக்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் ஸ்வெட்டர்களைப் பார்த்துவிட்டு, எத்தனை முடிந்தாலும் கொடு என்று சொல்லிவிட்டார். குளிர்காலம் வந்துகொண்டிருந்தது. அக்கா காலையில் உட்கார்ந்தால் மதியம் வரை எழுந்திருக்க மாட்டாள். நான் மாடியில் இருந்தாலும் அந்த பீப் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பீப், கடகட, பீப், கடகட. ஸ்வெட்டர் தொப்பியைவிட மூன்று மடங்கு அகலம், கையை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வீச வேண்டும். இடைவெளி மட்டும் தொப்பிக்கு வைத்ததேதான். கொஞ்சம் பிந்தினால் படம் கிழியும், பிரித்துப் போட்டு முதலிலிருந்து பின்ன வேண்டும். அக்கா பிந்தவில்லை. பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் ஓடுகிற பிள்ளை மாதிரி பீப் அடித்ததும் ஓடினாள். மெஷின் கேட்கிற வேகம் இதுதான் என்று அவள் நினைத்தாள். அவள் கை வேகமே இதுதான் என்று அத்தான் நினைத்தார். ஆஸ்பத்திரியில் போய், என் வீட்டம்மா கையைப் பார்க்க வேண்டுமே என்று பீற்றிக்கொள்ளவும் செய்தார்.

ஒருநாள் தலை பின்னிவிடச் சொல்லி அக்கா என்னிடம் வந்தாள். அப்படி அவள் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஜாக்கெட் போடவே அழுதிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் அப்போதே கீழே போய் அத்தானை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவரிடம் சொல்லவே கூடாது என்றாள். அத்தனை ஆசையாகச் செய்து கொடுத்தார், அவர் மனசு உடைந்துவிடும் என்றாள். அவளே சொல்லிப் பார்த்தாளாம். இந்த மெஷின் எனக்கு என்று ஆரம்பித்தாளாம். ரொம்பப் பிடிச்சிருக்கு, அதானே, தெரியும் தெரியும் என்று இவர் முடித்துவிட்டாராம்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு அவளே ஒரு முடிவோடு வந்தாள். மெஷினை அந்தக் கடைக்காரம்மாவுக்கே கொடுத்துவிடலாம், அவர்களிடம் ஓட்ட ஆள் இருக்கிறது. தனக்கு இந்த மெஷின் லாயக்குப்படாது, வேகம் போதாது, வயசாகிவிட்டது. மனப்பாடம் செய்துவைத்த மாதிரி, இதைச் சொல்லும்போது அவள் திக்கவே இல்லை. போன் பேச வராது என்பதால் என்னைப் பேசச் சொன்னாள். பேசினேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் வண்டியோடு வருவதாகக் கடைக்காரம்மா சொன்னார்கள். அதற்கு முன்னால் அத்தானிடம் எப்படியாவது சொல்லிவிடுவதாக அக்கா வாக்குக் கொடுத்தாள். அவள் எந்தக் காலத்தில் அவரிடம் ஒன்றைச் சொல்லி முடித்திருக்கிறாள்.

சனிக்கிழமை அக்கா கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு டாக்டரிடம் போனாள். அத்தானுக்கு அன்று விடுமுறை. மெஷினில் ஒரு ஸ்வெட்டரின் முதுகுப் பக்கம், படம் தொடங்க வேண்டிய இடத்தில் நின்றிருந்தது. அவள் வருவதற்குள் முடித்துவைத்து ஆச்சரியப்படுத்தலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. உட்கார்ந்துவிட்டார்.

நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து பீப் சத்தம் வந்தது. கடகட வந்தது. மறுபடி பீப், கடகட. அப்புறம் பீப் மட்டும் வந்தது. ஏதோ இடித்த சத்தம், அவர் திட்டுகிற சத்தம். திரும்ப முதலிலிருந்து. இறங்கிப் போய்ப் பார்த்தேன். எக்ஸ்பிரஸ் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கிறது. சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். மெஷினில் தொங்கிய துணியில் இலை ஒரு பக்கமும் கொடி ஒரு பக்கமும் போய்க்கொண்டிருந்தது. கைப்பிடிக்கு எண்ணெய் போதவில்லை என்றார். எண்ணெய் போட்டார். மறுபடி ஓட்டினார். எழுந்து நின்றுகொண்டு ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கி வலது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவர் நின்றாலும் பீப் நிற்கவில்லை. யாரும் தொடாத மெஷினுக்கு ஸ்கிரிப்ட் பாட்டுக்கு வரி மேல் வரியாக அனுப்பிக்கொண்டிருந்தது.

அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இவ எப்படி இதை ஓட்டறா?” என்று கேட்டார். என்னைக் கேட்ட மாதிரி இல்லை.

“ஓட்டலை அத்தான். அதுதான் அவளை ஓட்டுது” என்றேன்.

அதற்கு மேல் என்னால் வாயைக் கட்டிவைக்க முடியவில்லை. தோள்வலி, ஜாக்கெட், டாக்டர், ஞாயிற்றுக்கிழமை வரப்போகும் வண்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கொஞ்சம் என்று அவள் ஆரம்பித்தது கொஞ்சம் மெதுவாக என்பதற்கு என்பதையும் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அத்தான் நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. திட்டத் தயாராக இருந்த எனக்குத் திட்டவே மனசு வரவில்லை.

அக்கா வந்தாள். தோள் இறுகிப்போயிருக்கிறதாம், கொஞ்ச காலம் ஓய்வு கொடுத்து டாக்டர் சொன்னபடி கையை அசைத்துக்கொண்டு வந்தால் சரியாகுமாம். இதை அவள் அடுப்படியில் என்னிடம் சொன்னாள். அத்தானுக்கு எல்லாம் தெரியும் என்று நானும் அவளிடம் சொல்லிவிட்டேன், எனக்கு ரகசியம் தங்காது. அவள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. எட்டிக் கூடத்தைப் பார்த்தாள். அவர் மெஷினின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

நாளைக்குப் போகப்போகிற மெஷினில் என்ன வேலை என்று கேட்டேன். விற்றால் நல்லதுதான் என்றார், அவள் கை முக்கியம் என்றார். “வாங்கிட்டுப் போறவங்க கையாவது தப்பிக்கட்டும்” என்றார்.

அந்தக் குட்டி போர்டில் பொட்டு மாதிரி இரண்டு விளக்குகள் உண்டு. லேப்டாப் பேசி இது கேட்கும்போது ஒன்று மினுக்கும், இது பேசி லேப்டாப் கேட்கும்போது இன்னொன்று மினுக்கும். இத்தனை மாதமாக ஒரே விளக்குதான் மினுக்கிக்கொண்டிருந்தது என்று அவரே எனக்குக் காட்டினார். இரண்டாவது விளக்கு ஒருநாளும் எரிந்ததில்லை. போர்டைப் பேச விட்டால்தானே எரியும்.

மெஷினின் இரண்டு கோடியிலும் கைப்பிடி வந்து சேர்ந்ததை உணர்கிற பாகங்கள் பழைய கம்பெனிக்காரர்கள் வைத்ததே இருந்தன. அவற்றை போர்டோடு இணைத்தார். கைப்பிடி கோடிக்கு வந்து சேர்ந்ததும் போர்டு, முடிந்தது என்று லேப்டாப்புக்குச் சொல்லும். ஸ்கிரிப்ட் ஒரு வரியை அனுப்பிவிட்டு அந்தப் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கும். வந்தபிறகுதான் அடுத்த வரி. ஆரம்பத்தில் இரண்டு எண்ணுகிற வேலையும் போனது. போர்டு எழுந்து நான் தயார் என்று சொன்னால்தான் முதல் வரியே கிளம்பும். பீப் சத்தத்தை எடுத்தே விட்டார். எழுதி முடிக்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரி மெஷின்களில் இதையெல்லாம் அவர் எத்தனையோ தடவை செய்திருக்கிறார். தன் வீட்டில்தான் செய்யத் தோன்றவில்லை.

ஞாயிறு காலையில் அக்காவை வந்து உட்காரச் சொன்னார். இடது கையால் தள்ளினால் போதும், சின்னத் துண்டாகப் போதும், பார்த்துவிட்டு வாங்குகிறவர்களுக்கு நீதான் சொல்லித்தர வேண்டும் என்றார். அக்கா உட்கார்ந்தாள். பழக்க தோஷம், பீப் வரும் என்று உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. மெதுவாகத் தள்ளினாள். கோடியில் போய்ச் சேர்ந்தது, ஊசிகள் மெல்ல மாறி நின்றன. திரும்ப இழுத்தாள். பாதியில் நிறுத்திவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். வேண்டுமென்றேதான் நிறுத்தினாள். மெஷின் அப்படியே நின்றது.

கொஞ்ச நேரத்தில் லேப்டாப்பில் சிவப்பாக ஏதோ வந்தது. என்ன என்று குனிந்து படித்தேன். பதில் இல்லை, நிறுத்துகிறேன் என்று எழுதியிருந்தது. அத்தான் தலையைச் சொறிந்தார். காலவரம்பு ஒன்று வைத்திருந்தாராம், அதற்குள் பதில் வராவிட்டால் ஏதோ கோளாறு என்று ஸ்கிரிப்ட் கைவிட்டுவிடும். எவ்வளவு நேரம் வைத்தீர்கள் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். நிச்சயம் இரண்டு விநாடியைவிட ரொம்ப அதிகம் இருந்திருக்காது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். அவர் குனிந்து அந்த ஒரு வரியை அழித்தார். இப்போது எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று கேட்டேன்.

“எவ்வளவு நேரமானாலும்” என்றார்.

அக்கா மறுபடி உட்கார்ந்தாள். நடுவில் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். ஜன்னலைச் சாத்தினாள். நூல் சிக்கெடுத்தாள். மெஷின் அப்படியே இருந்தது. விட்ட இடத்திலிருந்து அவள் தொட்டதும் படம் ஓர் ஊசிகூடப் பிசகாமல் தொடர்ந்தது. துண்டைக் கழற்றி மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். நன்றாக இருக்கிறது என்றோ வேண்டாம் என்றோ ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அத்தான் உள்ளே போய், மெஷினைச் சுற்றிக் கட்டப் பழைய போர்வைகளைத் தேடி எடுத்து வந்து வைத்தார்.

சொன்ன நேரத்துக்குக் கடைக்காரம்மா வந்துவிட்டார்கள். நல்ல மனுஷி, படபடவென்று பேசுவார். வண்டி வாசலில் நின்றது. நான் தேநீர் கொடுத்தேன். அவர் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், காலையில் பின்னிய துண்டை எடுத்துப் பாராட்டினார், பிறகு என்னம்மா எடுத்துக்கலாமா என்று அக்காவிடம் கேட்டுவிட்டு அத்தானைப் பார்த்தார். அது எல்லோருக்கும் உள்ள வழக்கம். அக்காவிடம் கேட்பார்கள், அத்தானைப் பார்ப்பார்கள்.

அத்தான் நாற்காலியில் இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

அக்காவின் உதடு பிரிந்தது. “கு…” என்று தொடங்கி நின்றுவிட்டது. கண் நிலைகுத்தியது. கழுத்து நரம்பு புடைத்தது. பதில் எனக்குத் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது, குடுக்கறேன் என்பதற்குத்தானே அந்தக் கு, போர்வைகூடத் தயாராக இருக்கிறது. என் நாக்கு துடித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு ஒரு யுகமாக இருந்தது. எனக்கே இப்படி என்றால் அத்தானுக்கு எப்படி இருந்திருக்கும். அவர் நெற்றியில் வியர்வை. கால் கட்டைவிரல் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. ஆனால் அவர் சுவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரம்மாவுக்குச் சங்கடமாகிவிட்டது. பரவாயில்லம்மா, எனக்குப் புரியுது என்று ஆரம்பித்தார்.

“அவ சொல்லட்டும்” என்றார் அத்தான்.

மறுபடி எல்லோரும் காத்திருந்தோம். வாசலில் வண்டி ஓட்டுகிறவர் கதவைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

“கு… குடுக்கறதா இல்ல” என்றாள் அக்கா. ஏறிவிட்டாள். அப்புறம் நிற்கவில்லை. “கை சரியாகற வரைக்கும் நான் ஓட்ட மாட்டேன். சரியானதும் மெதுவாத்தான் ஓட்டுவேன். உங்களுக்கு முன்ன மாதிரி நெறைய வராது, லேட்டாத்தான் வரும். லேட்டானாலும் பரவாயில்லன்னா சொல்லுங்க. இல்லன்னா நான் வேற கடை பாத்துக்கறேன்.”

வெளி மனுஷர்களிடம் அவள் அத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை. கடைசியில் சொன்னதைக் கேட்டுக் கடைக்காரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. லேட்டாகவே வரட்டும் என்றார். வேற கடைப் பக்கம் போனால் நடக்கிறதே வேறு என்று மிரட்டிவிட்டு, தேநீரைக் குடித்து முடித்து, வெறும் வண்டியோடு கிளம்பினார்.

நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது அத்தான் அதே நாற்காலியில், கையைத் தொடைக்கடியிலிருந்து எடுக்காமலேயே உட்கார்ந்திருந்தார். அக்கா எதிரில் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள், இடது கையால் மட்டும்.

“நான் பேசியிருந்தா, எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லியிருப்பேன்” என்றார் அத்தான். “உனக்காகத்தான் சொல்லியிருப்பேன். வண்டியில ஏத்தியும் விட்டிருப்பேன்.”

அக்கா மடிப்பதை நிறுத்தினாள். “தெ…” என்று தொடங்கினாள். அவர் காத்திருந்தார். நானும் கதவோரம் நின்றேன்.

“தெரியும்” என்றாள். “அதனாலதான் நீங்க வாயைத் திறந்துடுவீங்களோன்னு பயந்துகிட்டே நின்னேன்.”

அவள் இன்னும் ஏதாவது சொல்வாளோ என்று அத்தான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.